வீடும் குளிரும் முடிவு செய்த திருமணம்

எங்கள் திருமணம் வீட்டில் நடந்தது என்றதும் பலர் முதலில் கேட்பது செலவைத்தான். "நல்ல மிச்சம் ஆகியிருக்குமே" என்பார்கள். சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏன், வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்பார்கள். கடும் குளிரில், வீட்டுக் கூடத்தில், 30 பேர் முன்னிலையில் ஒரு திருமணம் என்றால் அதற்குப் பின்னால் ஏதோ ஒரு குறை இருந்தாக வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றிவிடுகிறது. அந்த நாளை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு அப்படி ஒரு குறையும் தெரியவில்லை. பெரிய முடிவுகள் எதையும் நாங்கள் எடுக்க வேண்டியிருக்கவில்லை. எத்தனை பேரை அழைப்பது என்பதைக் கூடத்தின் சுவர்கள் முடிவு செய்தன. எந்த நேரத்தில் நடத்துவது என்பதைச் சூரியன் முடிவு செய்தது. யார் யார் அருகருகே உட்காருவது என்பதைக் குளிர் பார்த்துக்கொண்டது. எங்கள் விருப்பத்துக்கே எல்லாவற்றையும் விட்டிருந்தால் இவ்வளவு நன்றாக நடந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

வீட்டில் நடத்தியதற்குக் காரணம் என் பாட்டி. அம்மாவின் அம்மா. இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அவர் எழுந்து நடமாடவில்லை. கூடத்தை ஒட்டிய சிறிய அறையில் கட்டில் போட்டிருந்தோம். கோடையில் ஒரு மண்டபத்தில் திருமணம் என்று இரு வீட்டாரும் பேசி வைத்திருந்தார்கள். இலையுதிர் காலத்தில் பாட்டியின் மூச்சு தளரத் தொடங்கியது. அவரைக் குளிரில் வெளியே தூக்கிச் செல்லவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு மாலை நான் அவருக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது பாட்டியே பேச்சை எடுத்தார். "வெயில் காலம் வரைக்கும் இருப்பேன் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். அதற்காக உன்னை அவசரப்படுத்தவும் மாட்டேன். உன் சௌகரியம்" என்றார். அவ்வளவுதான். அன்றிரவே அவருக்குப் போன் செய்தேன், என் கணவராகப் போகிறவருக்கு. "பாட்டியால் மண்டபத்துக்கு வர முடியாது என்றால் திருமணம் பாட்டியிடம் வரட்டும்" என்றார். அவர் தன் பெற்றோரிடம் என்ன சொன்னார், எப்படிச் சம்மதிக்கவைத்தார் என்பது இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. மறுநாள் காலை என் மாமியார் அம்மாவை அழைத்து, "நாங்கள் எத்தனை பேர் வரலாம், சம்பந்தி?" என்று மட்டும் கேட்டார். மனிதர்களை நான் எடைபோடும்போது இன்னும் அந்த ஒரு கேள்வி நினைவுக்கு வருகிறது.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு அம்மாவிடம் ஒரு பட்டியல் இருந்தது. அது 200-ஐத் தாண்டியது. யாரை நீக்குவது என்று உட்கார்ந்தால் உறவே முறிந்துவிடும். ஒன்றுவிட்ட அண்ணனை அழைத்துவிட்டு ஒன்றுவிட்ட தங்கையை விட முடியுமா? அப்பா அந்தப் பட்டியலைத் தொடவே இல்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். நீளம் ஆறு மீட்டர், அகலம் நாலரை. ஹீட்டரைச் சுற்றி யாரும் நெருங்காத இடம், வாசலுக்குப் போகும் வழி, சமையலறைக்குப் போகும் வழி, நாங்கள் இருவரும் நிற்கும் இடம், இத்தனையையும் சாக்கட்டியால் தரையில் கோடு போட்டுக் கழித்தார். மிஞ்சிய இடத்தில் நாற்காலிகளை அடுக்கிப் பார்த்தார். 30 வந்தது. பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. அதன் பிறகு அழைக்க முடியாதவர்களிடம் பேசும்போது யாரையும் தரம் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "கூடத்தில் 30 பேர்தான்" என்றார் அப்பா. மனிதர் மறுத்தால் மனத்தாங்கல் வரும். சுவர் மறுத்தால் யாரிடம் கோபித்துக்கொள்வது?

அப்படியும் வலித்தது. அப்பாவின் நெடுநாள் நண்பர் ஒருவர், தச்சு வேலை செய்பவர், என்னைச் சைக்கிளில் பள்ளிக்கு அழைத்துப்போனவர், அந்த முப்பதில் இடம்பெறவில்லை. அப்பா போனில் சொல்ல மறுத்து அவர் வீட்டுக்கே போனார். திரும்பி வந்தவர் வெகுநேரம் பேசவில்லை. திருமணத்துக்கு முந்தின நாள் மாலை அந்த மாமா கருவிப்பெட்டியோடு வந்து நின்றார். பாட்டியின் அறைக் கதவு உள்பக்கம் திறக்கும். எவ்வளவு திறந்தாலும் கட்டிலின் தலைமாட்டை மறைக்கும். "கதவு இருந்தால் கிழவிக்கு என்ன தெரியும்?" என்றபடி கீல்களைக் கழற்றிக் கதவையே எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டார். கட்டிலை ஒரு சாண் நகர்த்தச் சொல்லி, தானே தலையணை உயரத்துக்குக் குனிந்து கூடத்தைப் பார்த்து, இன்னும் ஒரு விரல் நகர்த்தச் சொன்னார். தேநீர் குடித்தார். "முடிந்ததும் வந்து மாட்டித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவர் வரவில்லை. ஓர் ஆளுக்கு இடம் செய்திருக்கலாம் என்று யாரும் சொல்லலாம். ஆனால் அவரைப்போல் இன்னும் பலர் இருந்தார்கள், அது அவருக்குத் தெரியும். சிறிய திருமணத்தைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த நாளில் எனக்குக் கிடைத்த எல்லாவற்றுக்கும் விலை கொடுத்தவர்கள் அங்கே இல்லாதவர்கள்.

நேரம் குறித்த கதை வேறு. டிசம்பர் கடைசி வாரம். டிசம்பர் 21 அல்லது 22-இல் வடபாதி உலகுக்கு ஆண்டின் மிகக் குறுகிய பகல். அதைத் தாண்டிச் சில நாட்களே ஆகியிருந்தன. மாலை நாலு மணிக்கெல்லாம் விளக்குப் போட வேண்டிய பருவம். மாலையில் வைத்தால் அலங்கார விளக்குகள் அழகாக இருக்கும் என்பது என் தங்கையின் ஆசை. நண்பகலில் வைக்கச் சொன்னவர் என் கணவர். அவர் வந்து போன நாட்களில் கவனித்திருக்கிறார்: கூடத்தின் தெற்கு ஜன்னலில் கோடைகால நண்பகல் வெயில் விளிம்போடு நின்றுவிடும், குளிர்காலத்தில் அதே வெயில் கூடத்தைக் கடந்து எதிர்ச் சுவர் வரை வரும். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் எங்களைப் போன்ற இடங்களில் குளிர்கால நண்பகல் சூரியன் கோடையைவிட ஏறக்குறைய 47 டிகிரி தாழ்வாக நிற்கிறது. பள்ளியில் படித்ததுதான். ஆனால் அந்தச் சாய்வினால் பாட்டியின் கட்டிலுக்கு வெயில் வரும் என்று கணக்குப் போட்டவரை அன்றுதான் கண்டேன். கதவையும் எடுத்துவிட்டதால், நாங்கள் உறுதிமொழி சொன்ன நேரத்தில் வெயில் பாட்டியின் போர்வை மேல் விழுந்திருந்தது. கோடையில் மண்டபத்தில் நடந்திருந்தால் இந்த வெயில் இல்லை. ஜூன் மாதத்தில் இதே கூடத்தில் நடந்திருந்தாலும் இல்லை.

குளிரைத்தான் எல்லோரும் பயமுறுத்தினார்கள். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. வயதானவர்களுக்கு உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் திறன் குறைகிறது. குளிர்கிறது என்ற உணர்வே மங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதல்கள் குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்கின்றன. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். பாட்டியின் அறையில் 21-க்குக் குறையக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கதவை எடுத்துவிட்டால் அந்த அறையின் சூடும் கூடத்தின் சூடும் ஒன்றாகிவிடும். வாசல் கதவோ விருந்தினர் வரும்போதெல்லாம் திறக்கும். சித்தப்பா ஒரு வழி சொன்னார்: பெரிய இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கூடத்தின் மூலையில் வைத்துவிடலாம், பழைய காலத்தில் அப்படித்தான். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்தார். அடைத்த வீட்டுக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, மணம் கிடையாது, தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்கமாட்டார். குளிர்காலத்தில் வீட்டில் கூட்டம் சேர்ப்பவர்கள் எவரும் இதை மறந்துவிடக் கூடாது. கரி அடுப்பும், வெளியே வைக்க வேண்டிய எரிவாயு ஹீட்டரும் வீட்டுக்குள் வரவே கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

மின்சார ஹீட்டர்களை இரவல் வாங்கினோம். ஒவ்வொன்றும் 2,000 வாட். முந்தின இரவு சோதித்துப் பார்க்க இரண்டை ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியதும் வீடு முழுக்க இருண்டது. அதன் பிறகு அப்பா ஒவ்வொரு ஹீட்டரையும் தனித்தனிச் சுவர்ச் செருகியில், தனித்தனி இணைப்பில் பிரித்து வைத்தார். காலையிலிருந்தே ஓடவிட்டு, சுவரும் தரையும் சூடேறும்படி செய்தோம். ஆனால் உண்மையில் அந்தக் கூடத்தைச் சூடாக்கியவை ஹீட்டர்கள் அல்ல. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. 30 பேர் என்றால் 3,000 வாட், ஒன்றரை ஹீட்டர். எல்லோரும் வந்து அமர்ந்து கொஞ்ச நேரத்துக்குள் ஜன்னல் கண்ணாடியில் நீர்த்துளிகள் வழிய ஆரம்பித்தன. ஹீட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்தோம். பிறகு காற்றுக்காகச் சமையலறை ஜன்னலைச் சற்றுத் திறந்தே வைக்க வேண்டியிருந்தது. பாட்டியின் அறையில் மாட்டியிருந்த வெப்பமானி 22-ஐக் காட்டியது. வந்திருந்தவர்கள்தான் என் பாட்டியைக் குளிரிலிருந்து காத்தார்கள். இதை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. அளந்து பார்த்த உண்மை.

வாசற்படியில் உறைபனி. அப்பாவும் சித்தப்பாவும் விடியலில் எழுந்து உப்புத் தூவி, மேலே மணலும் தூவினார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக எங்கள் படுக்கையறைக் கட்டிலில் கோட்டுகளைக் கழற்றிப் போட, அது மெத்தை உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. காலணிகளை வாசலருகே அடுக்கி, வயதானவர்களுக்குக் கம்பளிக் காலுறைகள் கொடுத்தாள் தங்கை. கழிப்பறை ஒன்றுதான். வீட்டுத் திருமணத்தில் மற்ற எதையும்விட முக்கியமான கேள்வி இது என்பதை இரண்டு நாள் முன்னதாகவே உணர்ந்தவர் என் அத்தை. பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டுக் கதவைத் தாழிடாமல் விட்டார். அத்தை இரண்டு வீட்டுக்கும் நடுவே முதியவர்களைக் கைபிடித்து அழைத்துச்சென்று அழைத்துவந்தார். நாற்காலிகளும் அந்தத் தெருவில் நாலைந்து வீடுகளிலிருந்து வந்தவை. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

விருந்தினர் என்று யாரும் மிஞ்சவில்லை என்பதுதான் அன்று நடந்த மாற்றம். மண்டபத்தில் நாம் பணம் கொடுத்து ஆள் வைக்கும் ஒவ்வொரு வேலைக்கும் இங்கே ஓர் உறவு நின்றது. அவர் பக்கத்துப் பெரியப்பா, நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தவர், கோட்டைக் கழற்றிய கையோடு சமையலறைக்குள் நுழைந்து, "கத்தி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அம்மா பதறினார். பெரியப்பாவோ, "உட்கார்ந்தால் குளிர்கிறது அம்மா, வேலை கொடுங்கள்" என்றார். இரு குடும்பங்களும் அறிமுகமாகிக்கொள்ள எத்தனையோ நிகழ்ச்சிகளை வைப்பார்கள். எங்களுக்கு அடுப்படியின் சூடு அந்த வேலையைச் செய்தது. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க எல்லோரும் விரும்பினார்கள். அங்கே நிற்பவர் சும்மா நிற்க முடியாது.

பூக்களைப் பின்கட்டில், ஹீட்டர் இல்லாத அறையில் வைத்திருந்தோம். பறித்த பூவும் மூச்சு விடுகிறது. குளிரில் அந்த மூச்சு மெதுவாகிறது, அதனால் வாட நாளாகிறது. பூக்கடைகள் இதற்காகவே குளிரறை வைத்திருக்கின்றன. மூன்று நாள் முன்பே வந்துவிட்ட பூக்கள் அன்று காலை மலர்ந்ததுபோல் இருந்தன. அதன் பெருமை குளிருக்கே.

இசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய நண்பர்கள் இருவர், ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் வயலின். இருவரும் வெளிக்குளிரிலிருந்து நேராக உள்ளே வந்து வாசித்துப் பார்த்தபோது சுருதி சேரவே இல்லை. குழலுக்குள் காற்று குளிர்ந்திருந்தால் ஒலி மெதுவாகப் பயணிக்கும்; 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், உறைநிலையில் 331. அதனால் குழலின் சுருதி இறங்கிவிடுகிறது. வயலினின் உலோகக் கம்பியோ குளிரில் சுருங்கி இறுகுகிறது, சுருதி ஏறிவிடுகிறது. ஒன்று கீழே போக, மற்றொன்று மேலே போக, நடுவில் நாங்கள் கவலையோடு நின்றோம். குழல்காரர் பதறவில்லை. குழலைச் சட்டைக்குள் மார்போடு அணைத்து வைத்துக்கொண்டு பாட்டியின் கட்டிலருகே போய் உட்கார்ந்து கதை பேசினார். வயலினைப் பெட்டியிலேயே வைத்து மெல்லச் சூடேறவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் சேர்ந்து எடுத்த முதல் சுரம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. அப்படி ஒரு சேர்க்கையை ஒலிபெருக்கி வழியாக நான் கேட்டதே இல்லை.

படம் எடுத்த சித்தி மகனுக்கும் குளிரோடு ஒரு போராட்டம். வெளியே சில படங்கள் எடுத்துவிட்டு உள்ளே வந்ததும் லென்ஸ் முழுக்க நீராவி படிந்து எதுவும் தெரியவில்லை. காமிராவைப் பையில் மூடி வைத்து, அது அறையின் சூட்டுக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். குளிரில் பேட்டரியும் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. அதனால் எங்களிடம் இருக்கும் படங்கள் குறைவு. உறுதிமொழி சொல்லும் கட்டத்தில் ஒரே ஒரு படம். அதிலும் என் முகம் பாதிதான் தெரிகிறது. ஆனால் பின்னால் கதவற்ற நிலைப்படி, அதற்குள் கட்டில், கட்டிலில் நிமிர்ந்து உட்காரவைக்கப்பட்ட பாட்டி, எல்லாம் தெளிவாக விழுந்திருக்கின்றன. ஆயிரம் படங்கள் அடங்கிய ஆல்பங்களைப் பலர் வீட்டில் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு எதிராக எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு இந்த ஒரு படம் போதும்.

சடங்கு எப்படி நடந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு விதம். உறுதிமொழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மைக் கிடையாது. கம்பளி உடையும் சால்வையும் போர்த்திய அத்தனை பேர் அடைந்து உட்கார்ந்த அறையில் எதிரொலியும் கிடையாது. துணி ஒலியை உறிஞ்சிவிடும். சொல்லும் சொல் சொன்னபடியே போய்ச் சேரும். நான் என் வாக்கியங்களைச் சொல்லி முடித்தேன். அவர் ஆரம்பித்தார். உணர்ச்சியில் குரல் உள்ளே போய்விட்டது. இரண்டாவது வாக்கியத்தில் அறைக்குள்ளிருந்து பாட்டியின் குரல் வந்தது: "கேட்கவில்லை தம்பி, முதலிலிருந்து சொல்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் பாட்டியின் பக்கமாகத் திரும்பி நின்று, முதலிலிருந்து, உரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். முடித்ததும் பாட்டி, "சரி" என்றார். அந்தச் சொல்லோடுதான் எனக்குத் திருமணம் ஆனது. பிறகு கையெழுத்துப் போட்டோம், சாட்சிகள் போட்டார்கள், அதெல்லாம் சட்டத்துக்கு வேண்டியது. ஆனால் சாட்சி என்றால் என்ன என்பது அன்று பாட்டியிடமிருந்துதான் புரிந்தது. சாட்சி பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவர் அல்ல. காதில் விழவில்லை என்றால் மறுபடி சொல்லச் சொல்லும் உரிமை உள்ளவர். பெரிய கூட்டத்தில் பின்வரிசையில் இருப்பவருக்கு அந்த உரிமை கிடையாது. மேடையில் இருப்பவர்கள் என்ன சொன்னார்கள் என்பதே பலருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து வீட்டுத் திருமணங்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். திருமணத்துக்கென்று தனி இடம் வேண்டும் என்ற எண்ணம் நாம் நினைப்பதைவிட இளையது. ஐரோப்பாவில் கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் இருவரின் சம்மதம் ஒன்றையே திருமணமாக ஏற்றது. அது எங்கே சொல்லப்பட்டாலும் செல்லும். 1563-இல், அந்தத் திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம்தான் பங்குக் குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் கட்டாயம் என்றது. இங்கிலாந்தில் 1753-ஆம் ஆண்டுச் சட்டம் திருமணத்தைத் தேவாலயத்துக்குள் கொண்டுபோனது. யூதர்களுக்கும், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கும் விலக்கு. இந்தியாவின் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம், பதிவு அலுவலகத்திலோ அதிலிருந்து நியாயமான தொலைவுக்குள் இருவரும் விரும்பும் வேறு இடத்திலோ திருமணம் நடக்கலாம் என்கிறது. மூன்று சாட்சிகள் போதும். 1967-இல் தமிழ்நாடு இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவு, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்றாலே திருமணம் செல்லும் என்கிறது. இவற்றில் எந்தச் சட்டமும் இத்தனை பேர் வேண்டும் என்று கூட்டத்தைக் கேட்கவில்லை. சட்டம் கேட்பதெல்லாம் கேட்கும் காதுகள் சில. கூட்டத்தைக் கேட்பது நாம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் அப்பாவின் சாக்கட்டிக் கோடுகளுக்கு ஒரு நெடிய மரபு இருப்பதாகத் தோன்றும். ஊரடங்கு நடந்த 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுக்க எத்தனையோ பேர் மண்டபத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் திருமணம் செய்துகொண்டார்கள். அவர்களில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் தன் திருமணத்தைப் பற்றிப் பேசும்போது மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேசுவாள். அந்தத் தொனியை அவளிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

பாட்டி அந்த வசந்தத்தில் காலமானார். கதவை மாட்டித்தர மாமா சொன்னபடி வந்தார்; பாட்டிதான் வேண்டாம் என்றுவிட்டார். "கதவில்லாமல் நன்றாக இருக்கிறது, எல்லோரும் கண்ணில் படுகிறார்கள்" என்றாராம். அதனால் அவருடைய கடைசி மாதங்களில் அவர் கூடத்திலேயே வாழ்ந்தார் என்று சொல்லலாம். அப்பா செய்தித்தாள் படிப்பது, அம்மா துணி மடிப்பது, நாங்கள் இருவரும் வார இறுதியில் வந்து போவது எல்லாம் அவர் பார்வைக்குள் நடந்தன. கதவைக் கழற்றியது ஒரு நாள் திருமணத்துக்காக என்று நினைத்தோம். அதன் பலன் அந்த ஒரு நாளோடு நிற்கவில்லை. மாமாவிடம் இதை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் மாமா பேச்சை மாற்றிவிடுவார்.

இப்போது என் அக்கா மகள் வரும் குளிர்காலத்தில் தன் வீட்டிலேயே திருமணம் செய்துகொள்ள நினைக்கிறாள். "சித்தி, நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று வந்து உட்கார்ந்தாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஆட்களை எழுதுவதற்கு முன் கூடத்தை அள. கழிப்பறைக்குப் பக்கத்து வீட்டை இப்போதே கேட்டு வை. எந்தச் செருகி எந்த இணைப்பில் இருக்கிறது என்பதை எலக்ட்ரீஷியனை வைத்துக் குறித்துக்கொள். ஹீட்டரைக் காலையிலேயே போடு, எல்லோரும் வந்ததும் அணை. பொழுது சாய்வதற்குள் முடி. இருட்டில், உறைபனியில், முதியவர்கள் படியிறங்கக் கூடாது. அழைக்க முடியாதவர்களிடம் நீயே நேரில் போய்ச் சொல், கடிதம் வேண்டாம், செய்தி வேண்டாம்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் வாதம். திருமணத்தை இணையத்தில் நேரலையாகக் காட்ட வேண்டும் என்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த அறையில் இருப்பவர்கள் திரைக்காக நடந்துகொள்ளத் தொடங்கிவிடுவார்கள் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: மாப்பிள்ளையின் தாத்தா வேறு நாட்டில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், விமானம் ஏற முடியாது. அவர் ஒருவருக்காகத்தான்.

அப்படியென்றால் வை என்றேன். ஊருக்கே காட்ட வேண்டாம், அவர் ஒருவருக்கு மட்டும் இணைப்புக் கொடு. படம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, ஒலி தெளிவாக இருக்க வேண்டும். போனைச் சுவரோரம் நிறுத்தாதே, நீங்கள் நிற்கும் இடத்துக்கு ஓர் அடி தூரத்தில் வை, சார்ஜரிலேயே இருக்கட்டும். தாத்தாவின் பக்கத்து ஒலியை அணைத்துவிடாதே. அவருக்குக் கேட்கவில்லை என்றால் அவர் சொல்ல முடிய வேண்டும்.